கடைசல் கேள்வி–பதில்: ரப்பர் மரத்தில் ஒரு சீஸ் பலகை

மரக் கடைசல், அதாவது இயந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் சீவி உருவாக்கும் வேலை, பழக விரும்புவோர் கிண்ணத்தில் தொடங்காமல் தட்டையான வட்டச் சீஸ் பலகையில் தொடங்கலாம் என்றும், அதற்கு நம் ஊர் ரப்பர் மரமே போதும் என்றும் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் சீஸ் என்றால் பிள்ளைகளின் ரொட்டிக்கு நடுவே வைக்கும் மெல்லிய சதுரத் துண்டு மட்டுமே. அதற்கு எதற்குத் தனிப் பலகை?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

அந்தச் சதுரத் துண்டுக்குப் பலகை தேவையில்லை, அம்மா. மேல்நாட்டு விருந்துகளில் செடார், பிரீ, நீல நரம்போடிய சீஸ் எனப் பல வகைகளைப் பெரிய கட்டிகளாகவே ஒரு பலகையில் அடுக்கி, பக்கத்தில் திராட்சையும் பாதாமும் பிஸ்கட்டும் வைத்துவிடுவார்கள். விருந்தினர் தமக்கு வேண்டியதைத் தாமே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பலகை கத்தி ஆடாத அளவுக்குத் தட்டையாகவும், வெட்டும்போது நழுவாத அளவுக்குக் கனமாகவும் இருக்க வேண்டும். 250 முதல் 300 மில்லிமீட்டர் விட்டமும் 18 முதல் 20 மில்லிமீட்டர் தடிப்பும் பொருத்தமான அளவுகள். சப்பாத்தி தேய்க்கும் வட்டப் பலகை உங்கள் வீட்டில் இருக்குமானால் அதன் உறவுக்காரர்தான் இது. ஆனால் அது கால் முளைத்து நிற்கும், கத்தியைக் காணாது. சீஸ் வாங்காத வீட்டில் இதன்மேல் கொய்யாக்காயும் மாங்காயும் நறுக்கலாம், பலகை ஆட்சேபிக்காது.

கேள்வி: தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மறுநடவுக்காக ரப்பர் மரங்களைச் சாய்க்கிறார்கள். கேட்டால் அடிமரத் துண்டு கொடுப்பார்கள். என் மனைவி பால் வெட்டிய மரங்கள் அவை என்பதால் அந்த மரத்திலேயே பலகை செய்ய ஆசைப்படுகிறேன். மரத்திலிருந்து பால் கசிந்து உணவில் கலக்குமா? மரத்தை எப்படிப் பதப்படுத்துவது?
– வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பாலைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடலாம். ரப்பர் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தில் பால் ஓடுவதில்லை. பால் வெட்டுவோர் கத்தி உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவப் பழகியிருப்பதும், மரத்தில் காயம் பட்டால் புதுப் பட்டை ஒழுங்காக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும் என்று மேற்பார்வையாளர் கண்டிப்பதும் இதனால்தான். உங்கள் மனைவியிடம் கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். பட்டையை முற்றிலும் நீக்கி அறுத்த பலகையிலிருந்து பால் கசியாது.

உண்மையான சிக்கல் மாவுச்சத்து. தேக்கிலும், செங்கால் என்னும் கடின மரத்திலும் உள்ளதுபோல ரப்பர் மரத்தில் வைரம் என்னும் இறுகிய நடுப்பகுதி தனியாக உருவாவதில்லை; நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே வெளிர் மஞ்சள் நிறமாக இருக்கும் அந்த மரத்தில் மாவும் சர்க்கரையும் நிறைந்திருக்கின்றன, பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் இயற்கைப் பொருட்களோ இல்லை. எனவே மரம் சாய்ந்த சில நாட்களிலேயே, நம் ஊர் ஈரக் காற்றில், நீலக்கறைப் பூஞ்சை உள்ளே பரவத் தொடங்கிவிடுகிறது. பின்னால் மரத்தைத் துளைத்து மாவாக்கும் சிறு வண்டுகள் வருகின்றன. நீலக்கறை பார்வைக்குத்தான் குறை, வண்டு அப்படியல்ல. குண்டூசித் தலையளவு துளைகளிலிருந்து மாவு உதிரும் பலகையைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள், மற்ற மரச்சாமான்களுக்கும் அது பரவும்.

இந்தக் குறையால்தான் ரப்பர் மரம் நெடுங்காலம், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகவே போய்க்கொண்டிருந்தது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தி, தாமதமின்றிச் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்ற பிறகு, 1980களில் அதே மரம் மலேசிய மரச்சாமான் தொழிலின் மூலப்பொருளாயிற்று. ஜொகூரின் மூவார் நகரத்து மேசை நாற்காலிகள் உலகம் முழுவதும் போவதற்கு அந்த முறையும், அதற்குப் பின்னால் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வுகளும் வழி செய்தன.

ஆகவே அடிமரத்தை உருட்டிவந்து வீட்டுக் கொட்டகையில் காய வைத்து, பிறகு கடையலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மனைவி பால் வெட்டிய மரம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால், சாய்த்த அன்றோ மறுநாளோ 30 முதல் 35 மில்லிமீட்டர் தடிப்பில் பலகைகளாக அறுத்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, ரப்பர் மரம் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அவர்களுடைய பலகைகளோடு சேர்த்துப் போட்டு எடுக்க முடியுமா என்று முன்னதாகவே பேசி வையுங்கள். மரம் சாய்ந்த பிறகு பேசத் தொடங்கினால் நீலக்கறை உங்களை முந்திக்கொள்ளும். அது கைகூடாவிட்டால், மரச்சாமான் தொழிற்சாலைகளில் மிஞ்சும் உலர்ந்த துண்டுகளை வாங்கிக்கொள்ளலாம்; முதல் பலகைக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பால் குறைந்த 25 முதல் 30 வயது மரங்களையே தோட்டங்கள் சாய்ப்பதால் அடிமரம் அவ்வளவு பருமனாக இருப்பதில்லை. கோலக்கங்சாரில் 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளுள் ஒன்று பெரிய மரமாக இன்னும் நிற்கிறதே, அந்தப் பருமன் தோட்டத்து மரத்துக்கு வாய்ப்பதில்லை. எனவே 280 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே பலகை தேடாமல், நான்கு பட்டைகளை நீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குமுன் வெட்டுமுனையில் தெரியும் வளையங்களைப் பாருங்கள்: ஒரு பட்டையில் வளைவு மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி இருக்கட்டும். பட்டைகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சற்று வளைந்தாலும் முழுப் பலகை ஒரே பக்கமாகக் குழியாது. காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்தில் சில இடங்கள் எவ்வளவு கூரிய உளியாலும் வழுவழுப்பாகாமல் பஞ்சுபோல இழை எழுப்பும். ரப்பர் மரத்தில் இது அடிக்கடி காணப்படுவது. இழைப்புளி போடும்போதே அத்தகைய பட்டைகளை ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: பலகையைக் கடைசல் இயந்திரத்தில் எப்படிப் பிடிப்பது? திருகு அடித்தால் மேற்பரப்பில் ஓட்டை விழுகிறது. ஒட்டினால் பிறகு எடுக்க முடியவில்லை.
– வாசகர், கோலக்கங்சார்

பலகைக்கு இரண்டு முகங்கள் இருப்பதால் இரண்டு முறை பிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் எந்த முகத்தைக் கடைவது என்பதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடிமுகம்தான் முதலில்.

பலகையின் நடுவில் சுட்ட மண்ணாலான வட்ட ஓடு (டைல்) பதிக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் திருகுத் துளைக் கவலைக்கு எளிய தீர்வு உண்டு. பலகையின் மேல்முகத்தில், ஓடு உட்காரப் போகும் இடத்துக்குள் மட்டும், இயந்திரத்தின் முகத்தகட்டை (சுழல்முனையில் மாட்டும் வட்டத் தட்டை) நான்கு குட்டைத் திருகுகளால் பூட்டுங்கள். அந்தத் திருகுத் துளைகள் பிறகு ஓட்டுக்கான பள்ளம் கடையும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். எஞ்சுவதை ஓடு மூடிக்கொள்ளும். ஓடு இல்லாத பலகை என்றால், முகத்தகட்டில் ஒரு பிளைவுட் வட்டத்தைப் பூட்டி, அதன் முகத்தைக் கடைந்து சமப்படுத்தி, பலகையை அதன்மேல் இருபக்கப் பசை நாடாவால் ஒட்டலாம். நாடாவை நம்பாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: பிளைவுட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாதாரணத் தாளை வைத்து, இரு பக்கமும் மரப்பசை தடவி ஒட்டிவிடுவது. வேலை முடிந்ததும் அந்தத் தாள் இணைப்பில் அகன்ற உளியின் முனையை வைத்துத் தட்டினால் தாள் இரண்டாகக் கிழிந்து பலகை விடுபடும். எந்த முறையானாலும், இயந்திரத்தின் மறுகோடியில் உள்ள எதிர்முனைத் தாங்கியின் சுழல் கூம்பு பலகையின் நடுவை அழுத்திக்கொண்டிருக்கட்டும். கடைசிச் சில சீவல்களுக்கு மட்டும் அதை விலக்குங்கள்.

அடிமுகத்தைக் கடைந்து தட்டையாக்கியதும், நடுப்பகுதி ஓரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு மெல்லக் குழித்துவிடுங்கள். ஓரம் மட்டும் மேசையைத் தொட்டால் பலகை ஆடாது. பிறகு நடுவே 50 மில்லிமீட்டர் விட்டத்தில், மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில், உள்நோக்கிச் சற்று அகன்று செல்லும் விளிம்போடு ஒரு பள்ளம் கடைய வேண்டும். இயந்திரத்தின் தாடைப்பிடி இந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து வெளிநோக்கி விரிந்து பலகையைப் பற்றிக்கொள்ளும். இங்கேதான் பலர் பலத்தைக் காட்டுகிறார்கள். மெல்லிய பலகையில் தாடையை அளவுக்குமேல் விரித்தால் இழை வழியே பிளந்துவிடும். பிடித்த பிறகு கையால் அசைத்துப் பார்த்து அசையவில்லை என்றால் அதுவே போதும். அடிமுகத்தைத் தேய்த்து எண்ணெயும் பூசி முடித்த பிறகே பலகையைத் திருப்பிப் பூட்டுங்கள், ஏனெனில் அந்த முகத்துக்கு மறுபடி வருவது தொல்லை.

மேல்முகத்தில் உங்கள் பொறுமை செலவாகும். கிண்ணத்தின் வளைவில் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது; தட்டையில் கால் மில்லிமீட்டர் மேடும் கத்தியின் அடியில் வெளிச்சமாகத் தெரியும். எஃகு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்து, இயந்திரம் நின்றிருக்கும்போது பாருங்கள். நடுவில் ஒரு சிறு முளை மிஞ்சுவது வழக்கம், ஏனெனில் அங்கே மரம் மிக மெதுவாகச் சுற்றுவதால் உளி வெட்டாமல் தள்ளும். உளியின் முனை சரியாக மைய உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

விளிம்பைக் கடையும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே உளி இரண்டு இடங்களில் நெடுக்கு இழையையும் இரண்டு இடங்களில் வெட்டுமுனையையும் சந்திக்கிறது. ஒரு முகத்திலிருந்து மறு முகம்வரை ஒரே இழுப்பாக வெட்டினால் கடைசி மூலை பெயர்ந்து வரும். இரு முகங்களிலிருந்தும் விளிம்பின் நடுவை நோக்கி வெட்டுங்கள். உப்புத்தாளைச் சொரசொரப்பு எண் 120-இல் தொடங்கி 180, 240, 320 என்று ஏற்றலாம். 240 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எழுந்து நிற்கும் இழைகளை 320 சீவிவிட்டால், பின்னாளில் முதல் முறை கழுவும்போது பலகை சொரசொரப்பாகாது.

கேள்வி: நான் கடைந்த பலகை இங்கே சரியாக இருந்தது. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தேன். சில மாதங்களில் நடுவிலிருந்த ஓடு கழன்றுவிட்டது. பலகையும் வட்டமாக இல்லை என்கிறான். மரம் மோசமா, பசை மோசமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

இரண்டும் நல்லவையாகவே இருக்கலாம். மகன் வீட்டில் குளிர்சாதனம் ஓடுகிறது என்பதே காரணமாக இருக்க வேண்டும். சூளையில் எவ்வளவு உலர்த்தினாலும் மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மீண்டும் நீரை ஏற்கும், அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் நம் ஊர்த் திறந்த பட்டறையில், மரத்தின் நீரளவு அதன் உலர் எடையில் 15, 16 விழுக்காட்டில் போய் நிலைபெறும். நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் அது 10 முதல் 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கும்போது மரம் நீளவாட்டில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். குறுக்குவாட்டில் மட்டும் சுருங்கும். 280 மில்லிமீட்டர் பலகையில் அந்தச் சுருக்கம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை போகக்கூடும் என்பதால் வட்டம் முட்டை வடிவமாகிறது. பள்ளமும் அதே அளவில் நெருங்கிவரும். சுட்ட மண்ணாலான ஓடு சுருங்காது. நெருக்கிய மரம் ஓட்டை மேலே தள்ளியிருக்கும். ஓடு கழலாமல் பிடிவாதமாக நின்றிருந்தால் பலகைதான் பிளந்திருக்கும்.

பலகையை அனுப்புவதற்குமுன் அல்ல, கடைவதற்குமுன் மரத்தைப் பழக்க வேண்டும். பட்டைகளைக் குளிர்சாதன அறையிலோ, வீட்டுக்குள் காற்றோட்டமான உலர்ந்த அலமாரியிலோ அடுக்கி, நடுநடுவே குச்சி வைத்து விடுங்கள். ஈரமானி வாங்கத் தேவையில்லை. சமையலறைத் தராசில் ஒரு பட்டையை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவாருங்கள். எடை இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டால் மரமும் அந்த அறையும் சமரசமாகிவிட்டன என்று பொருள். ஓட்டுக்கான பள்ளத்தைச் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கடையுங்கள். ஓட்டைக் கல்போல் இறுகும் எபாக்சியால் ஒட்டாமல், இறுகிய பின்னும் நெகிழும் சிலிக்கோன் பசையை நடுவில் நான்கைந்து பொட்டுகளாக வைத்து ஒட்டினால் மரம் தன் போக்கில் அசைந்துகொள்ளும். மகனுடைய பலகையை வரவழைத்து, அங்குள்ள நிலைக்கே அது சுருங்கி முடிந்திருப்பதால், பள்ளத்தை மட்டும் மீண்டும் அகலக் கடைந்து அதே ஓட்டைப் பதிக்கலாம். விளிம்பின் முட்டை வடிவத்தை அப்படியே விட்டுவிடுவேன். விருந்தினர் யாரும் கவராயம் கொண்டுவர மாட்டார்கள்.

கேள்வி: ரப்பர் மரம் வெளுத்துப்போன நிறமாக இருக்கிறது. மெர்பாவ், பலா, மா, ரெங்காஸ் ஆகியவற்றில் செய்யக் கூடாதா? கடைகளின் பின்புறம் கிடக்கும் சரக்குத் தட்டு (பேலட்) பலகைகள் இலவசமாகவும் கிடைக்கின்றனவே?
– கல்லூரி மாணவர், ஈப்போ

ரெங்காஸைத் தொடாதீர்கள். அழகான சிவப்பு மரம் என்பது உண்மைதான். ஆனால் அதன் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும், காய்ந்த மரத்தின் தூளும் சிலரை விடுவதில்லை. மாமரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. உலர்ந்த மாமரம் பெரும்பாலோருக்குத் தொல்லை தராவிட்டாலும், மாங்காய்ப் பால் பட்டால் தோல் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் விலகியிருப்பது நல்லது. மெர்பாவ் உறுதியான மரம், ஆனால் ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும். வெள்ளைச் சீஸை அதன்மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். கபூர் மரத்தில் கற்பூர வாசனை இருக்கிறது, அது சீஸில் ஏறும். மெரந்தியின் துளைகள் பெரியவை, உணவு உள்ளே புகுந்துகொள்ளும். பலா நல்ல தேர்வு: மஞ்சள் நிறம் நாளாக ஆக ஆழ்ந்து பொன்பழுப்பாகும், கடைவதற்கும் இணக்கமானது. தோட்டத்துப் பழைய பலா ஏதேனும் விழுந்தால் விட்டுவிடாதீர்கள்.

சரக்குத் தட்டுகளில் சூடேற்றிப் பதப்படுத்தியவற்றுக்கு எச்.டி. என்றும், மீத்தைல் புரோமைடு புகையூட்டியவற்றுக்கு எம்.பி. என்றும் பன்னாட்டு முத்திரை குத்தியிருப்பார்கள். எம்.பி. முத்திரையை உடனே ஒதுக்குங்கள். எச்.டி. முத்திரை இருந்தாலும் அந்தத் தட்டின்மேல் என்னென்ன கொட்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாததால், உணவுப் பலகைக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. பச்சைச் சாயல் படிந்த வேலிக்கம்பு, தூண் ஆகியவற்றின் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கக்கூடும். அதை அறுக்கவும் வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

கேள்வி: பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? செம்பனை எண்ணெய்? வார்னிஷ்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்

சமையல் எண்ணெய்கள் மரத்துக்குள் இறுகுவதில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் சிக்குப் பிடித்து, பிசுபிசுத்து, எறும்பை அழைத்துவரும். தேங்காய் எண்ணெய் அவற்றைவிட நெடுநாள் கெடாமல் இருக்கும் என்றாலும் அதற்கும் முடிவு அதுவே. செம்பனை எண்ணெய் நிறத்தையும் விட்டுச்செல்லும். வார்னிஷ் பூசிய மேற்பரப்பைக் கத்தி கீறினால் அந்தப் படலம் செதில் செதிலாக உரிந்து உணவோடு போகும். எனவே வெட்டும் முகத்துக்குப் படலம் கட்டாத பூச்சே வேண்டும்.

மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று விற்கும், வாசனையற்ற, உட்கொள்ளத்தக்க தரமுள்ள கனிம எண்ணெய் கெட்டுப்போவதில்லை. நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, அடுப்பில் நேரடியாக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆறியதும் களிம்பாக நிற்கும். முதலில் வெறும் எண்ணெயைப் பலகை குடிக்கும்வரை தடவி, ஓர் இரவு விட்டுத் துடைத்து, பிறகு களிம்பைத் தேய்க்க வேண்டும். பலகை வெளுத்து வறண்டு தெரியும்போதெல்லாம் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

இன்னும் உறுதியான பூச்சு வேண்டுவோர் டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் கலப்படமற்ற டங் எண்ணெயைப் பூசலாம். அது மெல்ல இறுகும். வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். டங், ஆளி விதை ஆகிய இறுகும் எண்ணெய்களைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், இறுகும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காய வையுங்கள், அல்லது நீரில் முக்கி வையுங்கள். ஆளி விதை எண்ணெயைக் கடையில் ‘கொதிக்க வைத்தது’ என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். விரைவில் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

கேள்வி: மரப்பலகையில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று என் மருமகள் சொல்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, சுங்கை சிப்புட்

மாமியார் பக்கம் தீர்ப்புச் சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிரியல் அறிஞர் இதே கேள்வியை ஆராய்ந்தார். மரப்பலகையின்மேல் இட்ட பாக்டீரியாக்கள் மரத்துக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கே பெருகாமல் குறைந்துபோவதையும், கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையில் அவற்றைக் கழுவி எடுப்பது கடினமாக இருப்பதையும் அவருடைய குழு கண்டது. பிரான்ஸில் கோம்தே என்னும் சீஸை மாதக்கணக்கில் முதிர வைப்பதே ஸ்புரூஸ் மரப் பலகைகளின்மேல்தான்.

நிபந்தனை என்னவென்றால், பலகை காய வேண்டும். நம் ஊரில் அது தானாக நடப்பதில்லை. சோப்பு நீரால் கழுவி, துடைத்து, இரு முகங்களிலும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் அடிமுகத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பலகையும் வளையும். தொட்டி நீரில் ஊறப் போடவோ, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கவோ கூடாது. கோழியும் மீனும் நறுக்குவதற்கு வேறு பலகை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மருமகளிடம் ஒத்துப்போகலாம்.

கேள்வி: பதினேழு வயது மகள் கடைசல் கற்க விரும்புகிறாள். ஆபத்தில்லையா? எந்த அளவு இயந்திரம் வாங்குவது?
– தாயார், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

ஆபத்து உண்டு, அது எங்கிருந்து வரும் என்பது தெரிந்ததுதான் என்பதால் தடுக்கவும் முடியும். கடைசல் இயந்திரம் எதைப் பற்றினாலும் விடாமல் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல், மோதிரம், அவிழ்ந்த கூந்தல், நீண்ட தளர்ந்த சட்டைக் கை ஆகிய எதுவும் அதன் அருகில் வரக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துச் சிலர் கையுறை போடுகிறார்கள். அது வெறுங்கையைவிட ஆபத்தானது. முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் தடுப்பும், தூளுக்கு முகமூடியும் கட்டாயம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது; ரப்பர் மரம் சாதுவானது என்று இதில் சலுகை எடுத்துக்கொள்ள முடியாது.

இயந்திரத்தை இயக்குமுன் பலகையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகே விசையைத் தொட வேண்டும். தொடும்போது சுழலும் பலகைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். வேகத்துக்குக் கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளியது: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். 12 அங்குலப் பலகைக்கு அது 500 முதல் 750 சுற்று. விளிம்பு வட்டமாகிச் சமநிலை பெறும்வரை அதற்கும் கீழேயே இருக்கட்டும்.

வாங்கும்போது மோட்டாரின் குதிரைத்திறனைவிட, சுழல் மையத்திலிருந்து கீழே உள்ள படுகைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அதன் இரு மடங்குக்குள்தான் எந்தப் பலகையும் சுழலும். ஆறு அங்குலம் இருந்தால் 11 அங்குலப் பலகை தாராளமாக வரும். வேகத்தை மிகக் குறைவாக வைக்க முடியாத இயந்திரம் பலகை வேலைக்கு உதவாது. மகளுக்கு முதல் சில நாட்கள், கடைசல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். உளி பிடிக்கும் கோணத்தை எழுத்தில் சொல்லிக்கொடுப்பது கடினம்.

கேள்வி: பலகையில் கோலம் அல்லது பெயர் பொறிக்கலாமா?
– வாசகர், கோலக்கங்சார்

மேல்முகத்தில் வேண்டாம், கோடுகளுக்குள் சீஸ் புகுந்து, கழுவினாலும் போகாமல் நாறும். அடிமுகத்தில், தாடைப்பிடிக்காகக் கடைந்த பள்ளத்தைச் சுற்றி எழுதிக்கொள்ளலாம். விளிம்புக்கு அணி வேண்டும் என்றால் கம்பியால் எரித்த கருங்கோடு அழகாக இருக்கும்: உளி முனையால் விளிம்பின்மேல் மெல்லிய வரி ஒன்றைக் கீறி, இரு நுனிகளிலும் மரக் கைப்பிடி கட்டிய மெல்லிய எஃகுக் கம்பியை, இயந்திரம் சுழலும்போது அந்த வரியில் அழுத்திப் பிடித்தால் உராய்வின் வெப்பத்தில் வரி கருகிவிடும். கம்பியை விரலில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. ரப்பர் மரத்தின் வெளிர் நிறத்தில் இந்தக் கோடு நன்றாக எடுபடும். இரண்டு கோடுகள் போதும், நான்கு போட்டால் கூட்டமாகிவிடும்.